கொலுசு செய்கிறவர் வெள்ளி வியாபாரியா? ஒரு தொழிலின் உண்மையான பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாக யார் வந்தாலும் முதலில் கேட்பது, "என்ன தொழில் பண்றீங்க?" "வெள்ளிங்க", "சேகோங்க" (ஜவ்வரிசித் தொழில்), "ஏற்காட்டுல ரூம் விடறேங்க" என்று ஒரு நொடியில் பதில் வந்துவிடும். படிவத்தில் இருக்கும் கட்டத்தை நிரப்ப அது போதும். ஆனால் அதே ஆட்கள் ஆறு மாதம் கழித்து வந்து, கடன் வாங்கி இன்னொரு மெஷின் போடலாமா, விலையைக் குறைக்கலாமா, பையனை இதே தொழிலில் இறக்கலாமா என்று கேட்கும்போது, அந்த ஒற்றைச் சொல் பதில் எதற்கும் உதவுவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. "மெக்டொனால்ட்ஸ் பர்கர் விற்கவில்லை, நிலத்தை விற்கிறது." "பொருளை விற்காதீர்கள், கனவை விற்றுப் பழகுங்கள்." பயிற்சி வகுப்புகளிலும் வாட்ஸ்அப்பிலும் இந்த மாதிரி வாக்கியங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இதைக் கேட்டுவிட்டு வந்த ஒரு தம்பி, தன் கொலுசுப் பட்டறையின் விசிட்டிங் கார்டில் "நாங்கள் மகிழ்ச்சியை உருவாக்குகிறோம்" என்று அச்சடித்துக்கொண்டார். உழைப்பாளி, தொழிலை நேசிக்கிறவர். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு அவரால் ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை.

நாம் உண்மையில் என்ன தொழில் செய்கிறோம் என்ற கேள்விக்கு ஒரு முறையான பதில் இருக்கிறது. படிப்பு தேவையில்லை, கொஞ்சம் கவனிக்கத் தெரிந்தால் போதும். அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

செட் வண்டி ஒரு வாரம் வராதபோது

சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மொறுமொறுப்பான சின்னத் தட்டுவடை இரண்டு, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம், காரச் சட்னி ஒன்று, பச்சைச் சட்னி ஒன்று. கையிலேயே அடுக்கி, தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டையில்தான் பாதி இருக்கும்.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே சாயங்காலம் ஒரு செட் வண்டி நிற்கும். வண்டிக்கார அண்ணன் ஒருமுறை ஊர்த் திருவிழாவுக்காக ஒரு வாரம் வரவில்லை. வழக்கமாக அங்கே நிற்பவர்கள் அந்த வாரம் என்ன செய்தார்கள் என்று நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடை வேலை முடிந்து வரும் பெண்கள் பேக்கரியில் ஒரு பப்ஸ் வாங்கி, சாப்பிட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள். கல்லூரிப் பையன்கள் எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயை அரை மணி நேரம் குடித்தார்கள். தினமும் பார்சல் வாங்கும் ஒரு பெரியவர் முறுக்குப் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லோரும் வாங்குவது ஒரே செட்தான். ஆனால் முதல் கூட்டத்துக்கு அது பஸ் பிடிக்கும் முன் பசியை அடக்கும் வழி. இரண்டாவது கூட்டத்துக்கு நின்று பேச ஒரு காரணம். பெரியவருக்கு, வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழையாமலிருக்க ஒரு பொட்டலம்.

இங்கே ஒரு சொல்லை வைத்துக்கொள்வோம். நம் பொருள் கிடைக்காதபோது வாடிக்கையாளர் அதற்குப் பதிலாக எதை நாடுகிறாரோ, அதற்கு மாற்று என்று பெயர். மாற்று என்ன என்று தெரிந்தால், அவர் நம்மிடம் எதற்காக வந்தார் என்பது தெரிந்துவிடும். அடுத்த தெருவிலிருக்கும் இன்னொரு செட் வண்டியை மட்டும் போட்டியாக நினைத்தவருக்கு பப்ஸும் டீக்கடை பெஞ்சும் கண்ணில் படாது.

இதில் பணம் எங்கே வருகிறது என்று பாருங்கள். பஸ் பிடிக்கும் பெண்களுக்காகத்தான் தொழில் என்றால், துருவலை முன்கூட்டியே தயாராக வைத்து, ஆறு மணிக்கு ஒரு கை ஆள் கூடுதலாகப் போட்டு, இரண்டு நிமிடத்தில் தட்டைக் கொடுக்க வேண்டும். பையன்களுக்காக என்றால் இரண்டு பெஞ்ச் வாங்க வேண்டும். இரண்டும் ஒரே காசை இரண்டு திசைக்கு இழுக்கும் செலவுகள். எதைச் செய்வது என்று சொல்லாத பதில், பதிலே இல்லை.

சுருக்கமாக, பொருள் ஒன்றாக இருந்தாலும் அதை வாங்கும் காரணங்கள் பலவாக இருக்கலாம். மாற்றைக் கவனித்தால் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் எதில் செலவு செய்வது என்று தெரியும்.

"தொழில் வரையறை" என்றால் என்ன

நிர்வாகத் துறையில் இதற்கு தொழில் வரையறை என்று பெயர் வைக்கலாம்: யாருடைய எந்தத் தேவைக்காக இந்தத் தொழில் நடக்கிறது, அதில் நமக்குக் காசு எந்த இடத்தில் நிற்கிறது, அதை நாம் ஏன் மற்றவரைவிட நன்றாகச் செய்கிறோம் என்ற மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லும் ஒரு பதில். மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவதால்தான் இத்தனை குழப்பம்.

இந்தக் கேள்வியை நிர்வாகச் சிந்தனையின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர்களில் முக்கியமானவர் நிர்வாக எழுத்தாளர் பீட்டர் டிரக்கர். 1954-லேயே, ஒரு தொழில் என்ன என்பதை முடிவு செய்வது முதலாளி இல்லை, வாங்குகிறவர்தான் என்று எழுதினார். அவர் காட்டிய உதாரணம் அமெரிக்காவின் காடிலாக் கார். அந்த விலை கொடுத்து அதை வாங்குகிறவர் போக்குவரத்துக்காக மட்டும் வாங்குவதில்லை. அந்தக் காருக்கு உண்மையான போட்டி வைரமும் விலையுயர்ந்த ரோமக் கோட்டும்தான் என்றார். நம் ஊரிலும் அப்படித்தான். தங்கை கல்யாணத்துக்குக் கனமான கொலுசு வாங்க வைத்திருந்த காசு புது செல்போனுக்குப் போய்விடும். அந்த மாதம் கொலுசுக் கடைக்குப் போட்டி, செல்போன் கடை.

கொலுசுப் பட்டறை: காசு நிற்கும் இடம்

இப்போது விசிட்டிங் கார்டு தம்பியின் பட்டறைக்குப் போவோம். சிவதாபுரம் பக்கம், வீட்டோடு ஒட்டிய ஒரு நீளமான அறை. சேலத்தில் பெரும்பாலான பட்டறைகள் நடக்கும் முறைதான் அங்கேயும். மொத்த வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். பட்டறை அதை உருக்கி, கம்பியாக இழுத்து, வளையம் வளையமாகக் கோத்து, பற்றவைத்து, சலங்கை சேர்த்து, மெருகேற்றி, கொலுசாக எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கும். அதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. உருக்கும்போதும் ராவும்போதும் குறையும் வெள்ளிக்கு சேதாரம் என்று பெயர். எவ்வளவு சேதாரம் போகலாம் என்பதும் முன்பே பேசிக்கொண்டதுதான்.

"அண்ணா, வெள்ளி விலை ஏறிக்கிட்டே இருக்கு, நமக்கு நல்ல காலம்தானே?" என்று தம்பி கேட்டார். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய நேரம் அது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புரிவதற்காக இங்கே எளிய எண்களாக மாற்றித் தருகிறேன்.

ஒரு கிலோ வெள்ளி 1,00,000 ரூபாய், கூலி கிலோவுக்கு 4,000 ரூபாய், அனுமதித்த சேதாரம் 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் சேதாரம் 15 கிராம் போனால், கூடுதல் 5 கிராமைப் பட்டறை தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அது 500 ரூபாய். கூலியில் மிச்சம் 3,500. வெள்ளி 1,50,000 ஆனால்? கூலி அதே 4,000. கூடுதல் 5 கிராமுக்கு 750 போகும். மிச்சம் 3,250. விலை ஏற ஏற அவருக்குக் கிடைப்பது குறைகிறது. அதோடு, விலை ஏறினால் வாங்குகிறவர்கள் எடை குறைந்த கொலுசாகக் கேட்பார்கள். ஒரு கிலோவுக்கு அதிக ஜோடி செய்ய வேண்டும், கை வேலை கூடும், கூலியோ எடைக்குத்தான்.

மாறாக, சேதாரத்தை 6 கிராமில் நிறுத்தினால்? மிஞ்சும் 4 கிராம் அவருடையது. 1,50,000 விலையில் அது 600 ரூபாய். வெள்ளி விலை ஏறினால் அவருக்கு லாபம் வரும் ஒரே வழி அதுதான்.

அன்றைக்கு அந்த அறையை நான் புதிதாகப் பார்த்தேன். ஒரு அம்மா தரையைக் கூட்டி, அந்தக் குப்பையை ஒரு டின்னில் சேர்த்து மூடி வைத்தார். அதைப் பட்டறை மண் என்பார்கள். அதிலிருக்கும் வெள்ளித் துகளுக்காக விலை கொடுத்து வாங்கிப் போக ஆள் வருவார்கள். கை கழுவும் தண்ணீர்கூடத் தொட்டியில் தேங்கித்தான் போகிறது. வெள்ளியின் ஒரு துளியும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அந்த அறை முழுக்க அமைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய தொழில் அந்த டின்னில் இருந்தது.

விற்பனைத் தொகையில் எந்தப் பகுதி உண்மையில் நம் கையில் நிற்கிறதோ, அது பிறக்கும் இடத்தை லாப ஊற்று என்று சொல்வோம். பட்டறைக்கு லாப ஊற்று வெள்ளி விலை கிடையாது. கூலியும் சேதாரக் கட்டுப்பாடும்தான். அவரைத் தேடி வியாபாரி வருவது ஏன்? லட்சக்கணக்கான ரூபாய் வெள்ளியைக் கையில் கொடுத்தால், சொன்ன எடையில், சொன்ன தரத்தில், சொன்ன தேதியில் திரும்பி வரும் என்ற நம்பிக்கைக்காக. நம்பிக் கொடுத்த உலோகத்தைக் குறையாமல் உருமாற்றித் திருப்பித் தருவது, இதுதான் அவர் தொழில். வெள்ளி வியாபாரம் செய்கிறவர் அந்த மொத்த வியாபாரி. விலை ஏற்ற இறக்கத்தின் லாபமும் பயமும் அவருடையது.

லாப ஊற்றைச் சொன்னதும் மெக்டொனால்ட்ஸ் கதைக்கு வர வேண்டும். அதில் ஒரு உண்மை இருக்கிறது. உலகெங்கும் அந்தப் பெயரில் நடக்கும் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தனி முதலாளிகள் உரிமம் பெற்று நடத்துகிறார்கள். பல இடங்களில் நிலமும் கட்டடமும் கம்பெனியின் பொறுப்பில் இருக்கிறது. கடைக்காரர் பெயரைப் பயன்படுத்துவதற்கு ஒரு கட்டணமும் இடத்துக்கு வாடகையும் கொடுக்கிறார். கம்பெனிக்கு அந்தக் கட்டணத்தைவிட வாடகையில்தான் அதிகம் வருகிறது. அதனால் "நிலத் தொழில்" என்கிறார்கள். ஆனால் அந்த வாடகையின் பெரும்பகுதி கடை விற்பனையில் ஒரு சதவீதமாகக் கணக்கிடப்படுவது. பர்கர் விற்காவிட்டால் வாடகையும் சுருங்கும். மக்கள் வருவது சாப்பாட்டுக்கு. கம்பெனிக்குக் காசு நிற்பது வாடகையில். இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். ஒன்றை வைத்து மற்றதை இல்லையென்று சொல்லும்போதுதான் தவறு நடக்கிறது.

இதே விஷயம் சங்ககிரி லாரிக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்காமலே தெரியும். சரக்கு ஏற்றிப் போகும் வாடகை டீசலுக்கும் டோலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் சரியாகப் போகும். ரிட்டர்ன் லோடு கிடைத்தால்தான் காசு.

இதுவரை வந்ததைச் சேர்த்தால்: வாடிக்கையாளர் எதற்காக வருகிறார் என்பது ஒரு கேள்வி, நமக்கு எங்கே காசு நிற்கிறது என்பது இன்னொரு கேள்வி. பலகையில் எழுதியிருக்கும் பொருளின் பெயர் இரண்டுக்கும் பதிலாக இல்லாமல் போகலாம்.

ஜவ்வரிசி: ஒரே கிழங்கு, இரண்டு தொழில்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பாடம் ஜவ்வரிசிதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களே பலர் ஜவ்வரிசி ஏதோ ஒரு அரிசி என்று நினைக்கிறார்கள். அது மரவள்ளிக் கிழங்கின் மாவு. கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலைப் பிழிந்து தொட்டியில் தெளிய விட்டால் அடியில் வெள்ளையாக மாவு படியும். பிழிந்த சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். ஈர மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, சூட்டில் வேகவைத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. உருட்டாமல் மாவாகவே காயவைத்தால் ஸ்டார்ச். மலேயா பக்கமிருந்து வந்துகொண்டிருந்த சேகோ இரண்டாம் உலகப் போரில் நின்றுபோனபோது இங்கே வேரூன்றிய தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தனை ஜவ்வரிசியையும் யார் சாப்பிடுகிறார்கள்? நம் வீட்டில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் எவ்வளவு வாங்கிவிடப் போகிறோம்? பெரும்பகுதி வடக்கே போகிறது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி என்று விரதம் இருக்கும் நாளில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களைத் தொடமாட்டார்கள். ஜவ்வரிசி தானியம் இல்லை, கிழங்கு. ஆகவே விரத நாளில் அதை உப்புமா மாதிரிக் கிளறி, நிலக்கடலைப் பொடி தூவிச் சாப்பிடுகிறார்கள். கிச்சடி என்பது அவர்கள் வைத்த பெயர்.

இப்போது மாற்று என்ற கருவியை எடுத்துப் பார்ப்போம். ஜவ்வரிசி கிடைக்காவிட்டால் புனேயில் இருக்கும் அந்த அம்மா என்ன வாங்குவார்? அரிசியோ ரவையோ வாங்க மாட்டார். தண்ணீரில் விளையும் ஒரு காயை அரைத்த சிங்காடா மாவு, ராஜ்கீரா என்னும் கீரை விதை, வரகு சாமை போன்ற ஒரு சின்ன விதையரிசி, உருளைக்கிழங்கு. இவைதான் போட்டி. அப்படியானால் சேலத்து ஆலை, "விரத நாளில் நம்பிச் சாப்பிடக்கூடிய உணவு" என்ற தொழிலில் இருக்கிறது.

இந்த வரையறை வெறும் அழகுக்காக இல்லை. மக்காச்சோள ஸ்டார்ச் கலப்படம் பற்றி இந்தப் பகுதி விவசாயிகள் எத்தனையோ முறை புகார் சொல்லியிருக்கிறார்கள். மக்காச்சோள மாவு மலிவாகக் கிடைக்கும்போது அதைக் கலந்தால் கிழங்கு விலை விழுகிறது என்பது அவர்கள் வேதனை. நியாயமான வேதனை. ஆனால் அதில் இன்னும் ஒன்று இருக்கிறது. மக்காச்சோளம் ஒரு தானியம். "நான் ஸ்டார்ச் உருண்டை விற்கிறேன்" என்று நினைக்கிறவருக்கு ஸ்டார்ச்சில் ஸ்டார்ச் கலப்பது சின்னக் குற்றமாகத் தெரியலாம். தான் விரத உணவு விற்கிறோம் என்று புரிந்தவருக்கு, அது தன் தொழிலின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுவது என்று தெரியும். தானியம் வேண்டாம் என்பதற்காகவே வாங்குகிற அம்மாவின் தட்டில் தானியத்தை வைக்கிறோம். அது வெளியே தெரிந்தால் அவர் இன்னொரு ஆலை ஜவ்வரிசிக்கு மாறமாட்டார், சிங்காடா மாவுக்கு மாறிவிடுவார். ஒருவர் செய்யும் தவறு ஊரையே பாதிக்கும்.

அதே ஆலையிலிருந்து போகும் ஸ்டார்ச்சைப் பாருங்கள். அதை வாங்குகிறவர்களில் நெசவுத் தொழில்காரர்கள் இருக்கிறார்கள், நூலுக்குக் கஞ்சி போட. காகித ஆலையும் பசை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விரதமும் தெரியாது, ஏகாதசியும் தெரியாது. கஞ்சி நூலில் ஒட்டுகிறதா, விலை எவ்வளவு, அவ்வளவுதான். அங்கே மக்காச்சோள ஸ்டார்ச் ஒரு நேர்மையான போட்டியாளர். விலை ஐந்து காசு குறைந்தால் ஆள் மாறிவிடுவார்.

ஒரே கிழங்கு, ஒரே களம், ஒரே முதலாளி. ஆனால் இரண்டு தொழில்கள். ஒன்றில் நம்பிக்கையை வைத்து விலை கேட்கலாம், மற்றதில் செலவைக் குறைத்துத்தான் பிழைக்க முடியும். இரண்டையும் "சேகோ தொழில்" என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால், எதில் எங்கே செலவு செய்வது என்று தெரியாமல் போகும். ஸ்டார்ச்சுக்குப் பளபளப்பான பாக்கெட் போடுவதும், ஜவ்வரிசியில் சுத்தத்துக்கான செலவைக் குறைப்பதும் அப்படித்தான் நடக்கின்றன.

மிகக் குறுகலாகச் சொன்னால், மிக அகலமாகச் சொன்னால்

தொழில் வரையறையைப் பற்றிப் பேசும் எல்லோரும் அமெரிக்க ரயில்வேக்களைச் சொல்வார்கள். 1960-ல் ஹார்வர்டு பேராசிரியர் தியோடர் லெவிட் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது அது. ரயில் கம்பெனிகள் தாங்கள் ரயில் தொழிலில் இருப்பதாக நினைத்தன. போக்குவரத்துத் தொழிலில் இருப்பதாக நினைத்திருந்தால் காருக்கும் விமானத்துக்கும் வாடிக்கையாளரை இழந்திருக்கமாட்டா என்பது அவர் வாதம். குறுகலாகப் பார்ப்பதன் ஆபத்தை அவர் சொன்ன அளவுக்குத் தெளிவாக வேறு யாரும் சொன்னதில்லை.

ஆனால் அதைப் பாதி கேட்டவர்கள், "அப்ப எல்லாத்தையும் அகலமா சொல்லிட்டா போதும்" என்று எடுத்துக்கொண்டார்கள். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. தண்டவாளம் போடத் தெரிந்தவர்களுக்கு விமானம் ஓட்டத் தெரியுமா? அங்கே பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1970-ல் பென் சென்ட்ரல் என்ற மிகப் பெரிய ரயில் கம்பெனி திவாலானது. 1971-ல் நீண்ட தூரப் பயணிகள் ரயில்களை ஆம்ட்ராக் என்ற அமைப்பு எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் பெரிய ரயில் கம்பெனிகள் இன்றும் நன்றாக நடக்கின்றன, சரக்கு ரயில்களாக. நிலக்கரி, தானியம், கன்டெய்னர் என்று கனமான சரக்கை தரைவழியே வெகுதூரம் மலிவாக இழுப்பது ரயிலால் நன்றாக முடிகிற காரியம். "போக்குவரத்து" என்பதைவிட மிகக் குறுகலான ஓர் இடத்தில்தான் அவர்களுக்கு வாழ்வு இருந்தது.

நம் ஊரில் பஸ் முதலாளி ஒருவர் "நாம டிரான்ஸ்போர்ட்" என்று சொல்லி லாரி வாங்கினால் என்ன ஆகும்? பஸ்ஸில் பெர்மிட்டும் டைமிங்கும் கண்டக்டரும்தான் தொழில். லாரியில் புக்கிங் ஆபீஸ் பழக்கமும் ரிட்டர்ன் லோடும்தான் தொழில். இரண்டுக்கும் டயர் மட்டும்தான் பொது.

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. மற்றவரைவிட நாம் நன்றாகச் செய்யத் தெரிந்த, சட்டென்று இன்னொருவர் கற்றுக்கொள்ள முடியாத வேலையைத் திறன் என்று சொல்வோம். அகலம் எவ்வளவு என்பதைத் திறன்தான் முடிவு செய்யும்.

இதற்கு நமக்குப் பழக்கமான ஒரு பலகையே சாட்சி. வளைகுடாவில் வேலை செய்கிறவர் வீட்டில் வெஸ்டர்ன் யூனியன் தெரியாதவர் இருக்கமாட்டார். அது 1851-ல் தந்திக் கம்பெனியாகத் தொடங்கியது. 1871-லேயே தந்தி வழியாகப் பணம் அனுப்பும் சேவையை ஆரம்பித்தது. இந்த ஊரில் கட்டிய பணத்தை, கம்பி வழியாகச் செய்தி போய், அந்த ஊர் அலுவலகம் கொடுத்துவிடும். 2006 ஜனவரியில் அவர்கள் தந்தியையே நிறுத்திவிட்டார்கள், பணம் அனுப்புவது தொடர்கிறது. நம் நாட்டிலும் 2013 ஜூலையில் தந்தி நின்றது. கம்பிக்கு மாற்று வந்துவிட்டது. ஊருக்கு ஊர் கவுண்டர் வைத்து, முகம் தெரியாத ஒருவரிடம் பணத்தைச் சேர்ப்பிக்கும் திறனுக்கு அவ்வளவு எளிதில் மாற்று வரவில்லை. யோசித்தால் இது நம் கொலுசுத் தம்பியின் திறனுக்கு உறவுதான்: அடுத்தவர் பொருளைக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கேமரா பிலிம் விற்ற கோடாக் கம்பெனியின் கதையையும் பலர் தவறாகச் சொல்கிறார்கள். டிஜிட்டல் தெரியாமல் அழிந்தார்கள் என்பார்கள். 1975-லேயே கோடாக் பொறியாளர் ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமரா செய்துவிட்டார். மக்கள் நினைவுகளைப் பத்திரப்படுத்தத்தான் படம் எடுக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் லாப ஊற்று பிலிமிலும் காகிதத்திலும் கழுவும் ரசாயனத்திலும் இருந்தது. டிஜிட்டல் அந்த மூன்றையும் வேண்டாமென்று ஆக்கியது. 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தார்கள். அதே அடி வாங்கிய ஜப்பான் பிலிம் கம்பெனி ஃபியூஜி, தனக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டுக்கொண்டது. பிலிமுக்கு வேண்டிய ஜெலட்டின், நம் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது, படம் மங்காமல் காப்பது ஒரு வேதியியல். அந்த அறிவை வைத்து முகப்பூச்சு விற்க வந்தார்கள். வாடிக்கையாளர் தேவை மட்டும் தெரிந்தால் போதாது என்பதற்கு இந்த இரண்டு கம்பெனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஆக, தேவை, லாப ஊற்று, திறன் மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடம்தான் வரையறை. ஒன்று விலகினாலும் மற்ற இரண்டும் நீண்ட நாள் தாங்காது.

ஏற்காட்டில் ஒரு பால்கனி

பழகிப் பார்க்க ஒரு சின்ன உதாரணம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டக்காரர் நான்கு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற இடம். "நாம விக்கிறது காட்சிங்க" என்று சொல்லி, கண்ணாடி பால்கனி கட்ட மதிப்பீடு வாங்கி வைத்திருந்தார். நான் அவருடைய வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் சேலம், ஈரோடு, நாமக்கல். ஒரு வேனில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே ராத்திரி. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகாமல் இங்கே ஏன் வந்தார்கள்? வேலை செய்யும் பையனிடம் கேட்டதும் சொல்லிவிட்டான்: "பாட்டிய கூட்டிட்டு அவ்ளோ தூரம் போக முடியாதுல்ல சார். வந்ததும் முதல்ல கேக்கறது, வேன் நிறுத்த இடமிருக்கா, நாங்களே சமைச்சுக்கலாமான்னுதான்."

ஏற்காட்டில் காட்சி எல்லோருக்கும் இலவசம், லேடீஸ் சீட்டுக்குப் போனால் தெரியும். அவரிடம் அவர்கள் வாங்கியது, மூன்று தலைமுறை ஒரே கூரையில் ஒரு நாள் இருக்க, பக்கத்திலேயே ஓர் இடம். பால்கனிக் காசில் ஒரு பெரிய சமையலறை, குரங்கு நுழையாமல் கம்பி வலை, படியில்லாத ஒரு கீழ்த்தளக் குளியலறை செய்யலாம்.

உங்கள் தொழிலுக்கு எப்படிச் செய்வது

ஒரு நோட்டை எடுங்கள். கடைசியாக வந்த இருபது வாடிக்கையாளர்களை நினைத்து, நீங்கள் இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் என்ன செய்திருப்பார் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள், மனிதர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அப்புறம் போன வருடக் கணக்கை எடுத்து, வந்த காசில் எது உங்களைத் தாண்டி வேறொருவருக்குப் போனது, எது நின்றது என்று பிரியுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம். திறனை மட்டும் நீங்களே எழுதாதீர்கள். உங்களிடம் வேலை செய்கிறவரிடமோ உங்களுக்குச் சரக்குக் கொடுக்கிறவரிடமோ கேளுங்கள். நமக்குச் சுலபமாக வருவதை நாம் திறனென்றே எண்ணுவதில்லை.

எழுதிய வரி சரியா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அந்த வரியைப் படித்ததும் வேண்டாமென்று சொல்ல ஏதாவது ஒரு வாய்ப்பு கண்ணில் பட வேண்டும். "மகிழ்ச்சியை உருவாக்குகிறோம்" என்ற வரி எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை; மிட்டாய்க் கடைக்கும் பொருந்தும், பூக்கடைக்கும் பொருந்தும்.

அந்தத் தம்பி அப்போது சொந்தமாக வெள்ளி வாங்கி, இருப்பு வைத்து, விலை ஏறும்போது விற்கலாம் என்று ஒரு கடனுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். கணக்கைப் பார்த்த பிறகு அதைக் கிழித்துப் போடவில்லை, மடித்து அலமாரியில் வைத்தார். அந்தக் கடனில் ஒரு சின்னப் பகுதி மட்டும் வாங்கி, பழைய தராசை மாற்றி நுணுக்கமான எடை மெஷின் ஒன்றும், ராவும் மேசைகளுக்குத் தகரத் தட்டும் போட்டார். ஒவ்வொரு வேலையும் கைமாறும்போது எடை எழுத ஒரு நோட்டு. போன வாரம் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் சேதாரம் 14 கிராம், 13 கிராம் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் 8. விசிட்டிங் கார்டு தீர்ந்துவிட்டதாம், புதிதாக அடிக்க வேண்டும், என்ன வரி போடலாம் என்று கேட்டார். "வாங்கின எடை, கொடுத்த எடை, ரெண்டையும் சீட்டுல எழுதித் தர்றோம்னு போடுங்க தம்பி" என்றேன். அதை நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.